அப்பாவோட டிராக்டர்: விக்கணுமா, புதுசு எடுக்கணுமா? என் கருத்து – ஓட்டிக்கிட்டே சரிபண்ணுங்க



இந்த வார வீடியோவில் பழைய டிராக்டரைப் பத்திக் கொஞ்சம் பேசினேன். பன்னிரண்டு நிமிஷத்துல கணக்கை முழுசா போட முடியல. அதை இங்க எழுதுறேன்.

"பெர்சனல் ஃபைனான்ஸ் சேனல்ல டிராக்டருக்கு என்ன வேலை?"ன்னு நீங்க கேட்கலாம். உங்க பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுத்துப் பாருங்க. போன வருஷம் ஊருக்கு அனுப்பின பணத்துல எத்தனை தடவை "வண்டி வேலைக்கு"ன்னு போயிருக்கு?

இது எப்படி நடக்கும்னு உங்களுக்கே தெரியும். ஆடி மாசம். நீங்க சென்னையிலயோ பெங்களூருலயோ மீட்டிங்ல இருப்பீங்க. அப்பா கூப்பிடுவார். "தம்பி, வண்டி நின்னு போச்சு. கடலை போடணும், ஈரம் காயுது. ஒரு பதினஞ்சு அனுப்ப முடியுமா?" அனுப்பிடுவீங்க. புரட்டாசியில இன்னொரு எட்டு. தை மாசம் இன்னொரு பன்னிரண்டு. இதை யாரும் கூட்டிப் பார்க்கிறதில்லை. ஒருநாள் யாராவது வந்து, "இந்தப் பழசைக் கொடுத்துட்டுப் புதுசு எடுங்கண்ணே, பையன்தான் சம்பாதிக்கிறானே"ம்பாங்க. உங்க பேர்ல ஒரு இ.எம்.ஐ. தயாராகும்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். வேலை செய்யுற பழைய டிராக்டர் வீட்டுல இருந்தா, அவசரப்பட்டு விக்காதீங்க. புதுசுக்கு லோன் போடாதீங்க. இன்ஸ்டாகிராம்ல வர்ற மாதிரி முழுசா பிரிச்சுப் பளபளன்னு ஆக்குறேன்னும் இறங்காதீங்க. அது ஓடிக்கிட்டு இருக்கும்போதே, ஒவ்வொரு இடைவெளியிலயும் ஒரு வேலைன்னு, அது சம்பாதிக்கிற பணத்துலயே சரிபண்ணுங்க. எப்போ இந்த அறிவுரை பொருந்தாதுன்னும் கடைசியில சொல்றேன்.

நான் பண்ண இருந்த தப்பு

எங்க ஊர் புதுக்கோட்டை மாவட்டம், ஆலங்குடி பக்கம். தாத்தா 1996-ல வாங்கின மாஸ்ஸி ஃபெர்குசன் 1035 இன்னும் வீட்டுல நிக்குது. 3 சிலிண்டர், 36 எச்.பி. தாத்தா போயிட்டார், அப்பா ஓட்டுறார்.

நாலு வருஷத்துக்கு முன்னாடி பொங்கலுக்குப் போனப்போ என் கையில போனஸ் பணம் இருந்துச்சு. யூடியூப்ல பழைய டிராக்டரைக் கழட்டி, மணலடிச்சு, பெயிண்ட் அடிச்சு மறுபடி பூட்டுற வீடியோவா பார்த்துத் தள்ளியிருந்தேன். "அப்பா, மொத்தமா பிரிச்சுடுவோம். ரெண்டு லட்சம் ஆகட்டும். புது வண்டி மாதிரி ஆக்கிடுவோம்"னு சொன்னேன். அப்பா பதில் சொல்லாம காபியைக் குடிச்சு முடிச்சார். அப்புறம், "பிரிக்கிறது ஒரு நாள்டா. பூட்டுறது ஒரு வருஷம்"னார்.

மறுநாள் காலையில வைக்கோல் ஏத்த வண்டியை எடுத்தார். நானும் பின்னாடியே போனேன். அவர் சீட்ல ஏறவே இல்லை. தரையில நின்னுக்கிட்டு, ஒரு நீள ஸ்க்ரூடிரைவரை செல்ஃப் மோட்டார்ல வச்சு ரெண்டு முனையையும் தொட்டார். பொறி பறந்துச்சு, வண்டி ஸ்டார்ட் ஆச்சு. "சுவிட்ச் போய் ரெண்டு வருஷம் ஆச்சு"ன்னார், சாதாரணமா.

இது எவ்வளவு ஆபத்துன்னு டிராக்டர் பக்கம் போகாதவங்களுக்குப் புரியாது. வண்டி கியர்ல இருந்து, அதை மறந்து இப்படித் தொட்டா, ஸ்டார்ட் ஆன நொடியே நகரும். தொட்டவர் நிக்கிற இடம் பின்சக்கரத்துக்கு நேர் முன்னாடி. இப்படி உலகம் முழுக்க விவசாயிகள் செத்திருக்காங்க.

"ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?"ன்னு கேட்டேன். "உனக்கு அங்க ஆயிரம் செலவு இருக்கும்"னார். அந்த வேலைக்கு ஆன செலவு மூவாயிரம் ரூபாய்க்குள்ள. நான் ரெண்டு லட்சத்துக்குப் பெயிண்ட் கலர் தேடிக்கிட்டு இருந்தேன். அவர் மூவாயிரம் கேட்கக் கூச்சப்பட்டு தினமும் சக்கரத்துக்கு முன்னாடி நின்னுக்கிட்டு இருந்தார். எங்க வீட்டுல டிராக்டருக்குன்னு ஒரு பட்ஜெட்டே இல்லாததோட விலை அது.

ஏன் மொத்தமா பிரிக்கக் கூடாது?

முதல் காரணம், மழை. புதுக்கோட்டை மாவட்டத்துல பெரும்பகுதி கண்மாய்த் தண்ணியையும் வானத்தையும் நம்பின பூமி. அறந்தாங்கி பக்கம் கல்லணைக் கால்வாய் வருது. அங்கயும் நாம கடைமடைதான். செம்மண்ல மழை பேஞ்சா உழறதுக்கான பதம் ரெண்டு மூணு நாள் இருக்கும். அதைத் தவறவிட்டா மண் இறுகிடும். அந்த மூணு நாள்ல ஊர்ல எல்லாருக்கும் டிராக்டர் வேணும். வாடகை வண்டி உங்க வயலுக்கு அஞ்சாம் நாள் வரும். சொந்த வண்டி பிரிச்சுக் கிடந்தா அந்த மழை உங்களுக்கு இல்லை.

ரெண்டாவது, பிரிச்ச வண்டிக்கு விலை கிடையாது. ஓடுற பழைய டிராக்டருக்கு மார்க்கெட் இருக்கு. புளிய மரத்தடியில துண்டு துண்டா கிடக்கிறதுக்கு இரும்பு விலைதான். பாதியில உங்களுக்கு வேலை மாறிச்சு, கல்யாணம் வந்துச்சு, ஆஸ்பத்திரிச் செலவு வந்துச்சுன்னா, வண்டி அப்படியே நிக்கும். போல்ட்டு எது எங்க போகும்னு ஆறு மாசத்துல மறந்துடும்.

மூணாவது, எது உண்மையிலேயே கெட்டுப் போயிருக்குன்னு ஓட்டினாத்தான் தெரியும். மொத்தமா பிரிச்சா, இன்னும் அஞ்சு வருஷம் ஓடவேண்டிய பாகத்தையும் "பிரிச்சதே பிரிச்சோம்"னு மாத்திடுவீங்க.

முதல் செலவு: ஒரு நோட்டு

பழைய வண்டிகள்ல மணி மீட்டர் பெரும்பாலும் செத்துப் போயிருக்கும். அதனால ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கி சீட்டுக்குப் பின்னாடி டூல் பாக்ஸ்ல போடுங்க. தேதி, எத்தனை மணி நேரம், என்ன வேலை, நம்ம வயலா அடுத்தவங்க வயலா, எத்தனை லிட்டர் டீசல். அப்பாவுக்கு எழுத நேரமில்லன்னா ராத்திரி போன்ல சொல்லச் சொல்லி நீங்க எழுதுங்க. நாங்க அப்படித்தான் பண்ணினோம். தினமும் அப்பாகிட்ட ரெண்டு நிமிஷம் பேச அது ஒரு சாக்காவும் ஆச்சு.

இதுல இன்னொரு பத்தி ரொம்ப முக்கியம்: "கேட்டு வந்து, போக முடியாத வேலை". ஏன் போகலன்னும் எழுதணும். எங்க நோட்டுல முதல் வருஷம் அந்தப் பத்திதான் நிறைஞ்சு இருந்துச்சு. "கிளட்ச் வழுக்குது, ரோட்டவேட்டர் இழுக்கல." "பிரேக் சரியில்ல, ரோட்டுல டிரெய்லர் வேண்டாம்." டிராக்டர் சம்பாதிக்காததுக்குக் காரணம் ஊர்ல வேலை இல்லாதது இல்லை, வண்டிக்கு உடம்பு சரியில்லாததுதான்னு அந்த நோட்டைப் பார்த்துத்தான் புரிஞ்சுது.

150 மணி நேரக் கணக்கு

இப்போ கணக்குக்கு வருவோம். கீழே இருக்கிற தொகைகள் உதாரணம். உங்க ஊர் விலையைப் போட்டு மாத்திக்கோங்க.

ஊர்ல டிராக்டர் வாடகை மணிக்கு ₹1,000ன்னு வச்சுப்போம். டீசல் ₹350 போகும். ஓட்டுறவர் கூலி ₹150. அப்பா ஓட்டினாலும் இதை எழுதுங்க. அப்பாவோட உழைப்பை இலவசம்னு கணக்குப் போடுற எந்தக் கணக்கும் பொய்க்கணக்கு. மிச்சம் மணிக்கு ₹500. நம்ம வயலை உழுதா வாடகை மிச்சம், அடுத்தவங்க வயலை உழுதா வரவு. ரெண்டும் ஒண்ணுதான்.

வருஷா வருஷம் எப்படியும் வர்ற செலவு – இன்சூரன்ஸ், ஆயில், ஃபில்டர், பஞ்சர், சில்லறை வேலை – ₹25,000ன்னு வைங்க.

புதுப்பிக்கிற வேலைக்கு மொத்தம் ₹1,50,000 ஆகும், மூணு வருஷத்துல முடிப்போம்னா வருஷத்துக்கு ₹50,000.

ஆக, வண்டி வருஷத்துக்கு ₹75,000 சம்பாதிக்கணும். ₹500 ஆல வகுத்தா 150 மணி நேரம்.

வருஷத்துல 150 மணி நேரம் ஓடினா, டிராக்டர் தன்னைத்தானே புதுப்பிச்சுக்கும். வெறும் 60 மணி நேரம்தான் ஓடும்னா வர்றது ₹30,000, அதுல ₹25,000 வழக்கமான செலவுக்கே போயிடும். அப்போ நீங்க பண்றது முதலீடு இல்லை, பாசம். பாசம் தப்பில்லை, ஆனா அதை முதலீடுன்னு சொல்லி உங்களையே ஏமாத்திக்காதீங்க.

எங்க வண்டி முதல் வருஷம் 96 மணி நேரம் ஓடுச்சு. பிரேக்கும் கிளட்சும் சரியான ரெண்டாம் வருஷம் 158. மூணாம் வருஷம் 171. மூணு வருஷத்துல புதுப்பிக்க ஆன செலவு ₹38,000, ₹61,000, ₹44,000 – மொத்தம் ₹1,43,000. மேல சொன்ன அதே கணக்குல, வழக்கமான செலவு போக வண்டி சம்பாதிச்சது ₹1,37,500. என் கையைக் கடிச்சது ₹5,500. நாலாம் வருஷத்துல பெரிய வேலை எதுவும் பாக்கி இல்லை.

"ஜி.எஸ்.டி. குறைஞ்சிருக்கே, புதுசே எடுக்கலாமே?"

நல்ல கேள்வி. 2025 செப்டம்பர் 22 முதல் விவசாய டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்துல இருந்து 5 சதவீதமா குறைஞ்சது உண்மை. ஆனா அதே நாள்ல டிராக்டர் டயர், டியூப், பல உதிரி பாகங்களுக்கு 18 சதவீதத்துல இருந்து 5 சதவீதம் ஆச்சு. அதாவது சதவீதக் கணக்குல, புது வண்டிக்குக் கிடைச்ச சலுகையை விட பழைய வண்டியைச் சரிபண்றதுக்குக் கிடைச்ச சலுகை பெருசு. வரிக்கு முன்னாடி ₹30,000 விலையுள்ள பின் டயர் ஜோடி 18 சதவீதத்துல ₹35,400. 5 சதவீதத்துல ₹31,500. இதை யாரும் பேனர் வச்சுச் சொல்ல மாட்டாங்க.

புதுசு ₹7 லட்சம்னு வைங்க. ₹1,75,000 கையில இருந்து போட்டு, ₹5,25,000 லோன், 12 சதவீத வட்டி, 5 வருஷம். மாசம் ₹11,678 வரும். மொத்த வட்டி சுமார் ₹1,75,000. வருஷத்துக்குக் கட்டவேண்டியது ₹1,40,000. மணிக்கு ₹500 மிச்சம்னா, தவணைக்கு மட்டும் 280 மணி நேரம் ஓடணும். உங்க வீட்டு டிராக்டர் அவ்வளவு ஓடுதா? ஓடும்னா, வாடகைக்கு ஓட்டுறதையே தொழிலா பண்றவங்கன்னா, புதுசு எடுங்க. அது சரியான முடிவு. அஞ்சாறு ஏக்கர் வச்சிருக்கிற வீட்டுக்கு அது உங்க சம்பளத்துல மாட்டுற கொக்கி.

எதை முதல்ல, எப்போ?

எங்க பகுதியில டிராக்டருக்குப் பெரிய இடைவெளி பங்குனியும் சித்திரையும். சம்பா அறுவடை முடிஞ்சு, நெல் மூட்டையைக் கொள்முதல் நிலையத்துல இறக்கி, வைக்கோல் ஏத்தின பிறகு, கோடை மழை வர்ற வரைக்கும் வண்டி சும்மா நிக்கும். பெரிய வேலை எல்லாம் அப்போதான். ஐப்பசி, கார்த்திகையில நடவு முடிஞ்சு அடைமழை பெய்யும்போது ஒரு சின்ன இடைவெளி கிடைக்கும். அதுல சில்லறை வேலை மட்டும். மழையில இன்ஜினைத் திறந்து போடாதீங்க.

வரிசை என்னன்னா:

முதல்ல உயிர். ஸ்டார்ட்டர் சுவிட்ச், பிரேக், ஸ்டியரிங், லைட், டயர். ஸ்டியரிங்கை ஆட்டிப் பாருங்க. சக்கரம் திரும்புறதுக்கு முன்னாடி கால் சுற்று சும்மா போச்சுன்னா, கிங் பின், புஷ், பால் ஜாயின்ட் எல்லாம் தேஞ்சிருக்கு. ரெண்டு பிரேக் பெடலும் ஒரே அளவு பிடிக்குதான்னு பாருங்க. ரோட்டுல போகும்போது ரெண்டையும் சேர்த்துக் கோர்க்கிற கொக்கி இருக்கணும். இந்த வேலைக்கு 150 மணி நேரக் கணக்கு எல்லாம் கிடையாது. அப்பா அதுல உட்காருறார், அவ்வளவுதான் கணக்கு.

ரெண்டாவது, ஒழுகல். ஆயில், டீசல், தண்ணி எங்கெல்லாம் சொட்டுது? ரேடியேட்டர் சுத்தம், ஏர் கிளீனர், ஃபில்டர், நாசில் செக். சேத்து உழவுக்குக் கேஜ் வீல் போட்டு இறக்குற வண்டின்னா பின்பக்க ஆயிலைப் பாருங்க. பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தா உள்ள தண்ணி போயிருக்கு, சீல் மாத்தணும். சில நூறு ரூபாய் சீலைத் தள்ளிப் போட்டா கியர் பாக்ஸ் பேரிங் போகும்.

மூணாவது, இழுவை. கிளட்ச், ஹைட்ராலிக் லிஃப்ட். கிளட்ச் மாத்த வண்டியை நடுவுல பிளக்கணும். பாகத்தோட கூலியும் சேர்ந்து வர்ற வேலை இது. அதனால பிளந்த அன்னிக்கே பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், கிராங்க் பின்பக்க ஆயில் சீல், ஃப்ளைவீல் பல் எல்லாத்தையும் பார்த்துடுங்க. தேஞ்சதை அப்பவே மாத்தினா கூலி ஒரு தடவைதான். "இப்போதைக்கு பிளேட் மட்டும் போடுவோம்"னு மிச்சம் பிடிச்சா, அடுத்த வருஷம் மறுபடி பிளக்கணும்.

நாலாவது, இன்ஜின். அதுவும் தேவைப்பட்டா மட்டும். புகையைப் பாருங்க. கறுப்புப் புகை வந்தா காத்து போதல, இல்ல டீசல் அதிகம். ஏர் கிளீனர், நாசில், பம்புல சரியாகலாம். நீலப் புகை வந்து ஆயிலும் குறைஞ்சுக்கிட்டே வந்தாத்தான் ரிங், லைனர் பேச்சு வரும். கறுப்புப் புகைக்குப் பயந்து இன்ஜினைப் பிரிச்சவங்க நிறைய பேர். லேத் பட்டறையில கிராங்க் கொடுத்தா, எவ்வளவு தேஞ்சிருந்துச்சு, எந்த அளவுக்கு அரைச்சாங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதி வாங்குங்க. அடுத்த தடவை பேரிங் வாங்க அந்த அளவு வேணும்.

கடைசியா பெயிண்ட். ஒழுகல் நிக்கிறதுக்கு முன்னாடி அடிச்ச பெயிண்ட் உரிஞ்சுதான் போகும். அதைவிட மோசம், விரிசலையும் ஒழுகலையும் அது மறைச்சிடும்.

எங்க வீட்டுல ஒரு சட்டம் போட்டோம்: ஒரு நேரத்துல ஒரு வேலை. அது முடிஞ்சு வண்டி பத்து மணி நேரம் வயல்ல ஓடின பிறகுதான் அடுத்ததைத் திறக்கணும். அப்போதான் புதுசா ஒரு சத்தம் வந்தா அது எந்த வேலையால வந்துச்சுன்னு தெரியும். கழட்டுற ஒவ்வொண்ணையும் போன்ல போட்டோ எடுங்க. போல்ட்டுகளைத் தனித்தனி டப்பாவுல போட்டுப் பேர் எழுதுங்க. வண்டி பிளந்திருக்கிற நாள்ல திடீர் மழை வந்துட்டா? வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரையும் கருவிகளையும் வாடகைக்குக் கொடுக்குது. உழவன் செயலியிலயே பதிவு பண்ணலாம். அதோட, "எங்க வண்டி பிளந்திருக்கும்போது நீங்க உழுது கொடுங்க, அப்புறம் நாங்க உழுது தர்றோம்"னு பக்கத்து வயல்காரர்கிட்ட முன்னாடியே பேசி வைங்க.

பாகம் கிடைக்குமா?

இதுதான் பழைய வண்டிக்கு ஜாதகம் பார்க்கிற இடம். 1035-ஐ எடுத்துக்கோங்க. அது 1950கள்ல வந்த மாஸ்ஸி ஃபெர்குசன் 35 வடிவமைப்போட வழி வந்தது. தயாரிக்கிற டாஃபே நிறுவனம் 1960-ல சென்னையில தொடங்கினது. இன்ஜின் அதே குழுமத்தைச் சேர்ந்த சிம்சன். பல பத்தாண்டா பெரிய மாற்றம் இல்லாம ஓடின மாடல்னா, பாகம் கிடைக்கும், தெரிஞ்ச மெக்கானிக்கும் பக்கத்துல இருப்பார். பளபளப்பான தொழில்நுட்பம் இல்லாததே இங்க ஒரு சொத்து.

மாறா, எச்.எம்.டி. டிராக்டரைப் பாருங்க. ஒருகாலத்துல நாடு முழுக்க ஓடின பொதுத்துறை வண்டி. அதோட டிராக்டர் பிரிவை மூட மத்திய அமைச்சரவை 2016 அக்டோபர்ல ஒப்புதல் கொடுத்துச்சு. அப்படிப்பட்ட வண்டி வீட்டுல இருந்தா, ஒரு ரூபாய் செலவு பண்றதுக்கு முன்னாடி, பெரிய பாகங்களுக்குப் பட்டியல் போட்டு எது கிடைக்கும், எது கிடைக்காதுன்னு கடையில கேட்டு எழுதிட்டு வாங்க.

பணம் எங்கிருந்து?

பெர்சனல் லோன் வேண்டாம். ₹1,50,000-க்கு 15 சதவீத வட்டியில மூணு வருஷம்னா மாசம் ₹5,200, வட்டி மட்டும் ₹37,200. ஒரு கிளட்ச் வேலைக்கான பணம் வட்டியிலயே போயிடும். இந்த வேலையைத் துண்டு துண்டா பண்ணச் சொல்றதே, துண்டு துண்டா பணம் கட்டலாம்ங்கிறதுக்காகத்தான்.

மாசம் ₹4,000 ஒரு தொடர் வைப்புல போடுங்க. பங்குனிக்கு முதிர்வு வர்ற மாதிரி ஆரம்பிங்க. வருஷத்துக்கு ஏறக்குறைய ₹48,000. அது தவிர, சீசன்ல திடீர்னு நின்னா எடுக்க ₹15,000 அப்பா கணக்குலயே இருக்கட்டும். உங்க எமர்ஜென்சி ஃபண்டையும் எஸ்.ஐ.பி.யையும் இதுக்காகத் தொடாதீங்க. அப்பா கூச்சப்பட்டுக் கேட்க வேண்டிய நிலைமை இல்லாம, பணம் அங்கயே இருக்கணும். ஸ்க்ரூடிரைவர் கதை மறுபடி நடக்காம இருக்க அது ஒண்ணுதான் வழி.

அப்பா பேர்ல கிசான் கிரெடிட் கார்டு இருந்தா ஒரு விஷயம் தெரிஞ்சுக்கோங்க. அதோட கடன் வரம்பைக் கணக்குப் போடும்போதே, பயிர்ச் செலவு மதிப்புல 20 சதவீதத்தைப் பண்ணைச் சொத்துகளைப் பழுதுபார்க்கவும் பராமரிக்கவும் சேர்க்க விதி இடம் கொடுக்குது. உரிய தேதியில கட்டினா ₹3 லட்சம் வரைக்கும் வட்டி 4 சதவீதம்தான். ஆனா தேதி தவறினா அந்தச் சலுகை போயிடும்; பயிருக்கு வாங்கின பணம் வண்டிக்குப் போய், பயிருக்குக் கந்து வட்டி வாங்குற நிலைமையும் வரக் கூடாது.

இன்னொண்ணு. சங்கடமா இருந்தாலும் அம்மாகிட்ட தனியா கேளுங்க: "வண்டி வேலைக்கு நகை ஏதாவது பேங்க்ல இருக்காம்மா?" பல வீடுகள்ல டிராக்டரோட உண்மையான பராமரிப்புச் செலவு அம்மாவோட நகை அடகுச் சீட்டுலதான் இருக்கும். உங்க ₹4,000 முதல்ல அந்த நகையை மீட்கப் போகட்டும். வண்டி அப்புறம்.

பேப்பரையும் பாருங்க

செலவு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஆர்.சி. புத்தகத்தை எடுங்க. யார் பேர்ல இருக்கு? எங்க வண்டி இன்னும் தாத்தா பேர்லயே இருந்துச்சு. அதை மாத்தாம விக்கவும் சிரமம், விபத்து ஆனா இன்சூரன்ஸ் கேட்கவும் சிரமம். லோன் எப்பவோ அடைச்சிருப்பாங்க, ஆனா புத்தகத்துல பேங்க் பேர் அப்படியே இருக்கும்; தடையில்லாச் சான்று வாங்கி நீக்கிடுங்க.

"பழைய டிராக்டரை எல்லாம் அரசாங்கம் உடைக்கப் போகுது"ன்னு வாட்ஸ்அப்ல வர்றதைப் பார்த்து அவசரமா விக்காதீங்க. விவசாய டிராக்டர் போக்குவரத்து அல்லாத வாகனம். முதல்ல 15 வருஷத்துக்குப் பதிவு, அப்புறம் 5 வருஷம், 5 வருஷமா புதுப்பிக்கலாம். மத்திய அரசே இதைத் தெளிவுபடுத்தியிருக்கு.

அடுத்தவங்க வயலை உழுது வர்ற வாடகை, வருமான வரிக் கண்ணுல விவசாய வருமானம் இல்லை. அது தொழில் வருமானம். அப்பா கணக்குல வரட்டும், நோட்டுல இருக்கட்டும். அண்ணன், தம்பி, தங்கச்சி இருந்தா நீங்க போடுற பணத்தை அவங்களுக்கும் தெரியுற மாதிரி எழுதி வைங்க. பாகப்பிரிவினை அன்னிக்கு ஞாபகத்தை நம்பாதீங்க.

எப்போ விட்டுடணும்?

நோட்டுல ஒரு வருஷக் கணக்கு வந்தாச்சு. போக முடியாத வேலையையும் சேர்த்துக் கூட்டினாலும் 100 மணி நேரம் தாண்டல. அப்பாவுக்கு முதுகு வலி, ஓட்ட வேற ஆள் இல்லை. பெரிய பாகம் கிடைக்கல. இப்படின்னா நல்ல விலை வரும்போது கொடுத்துடுங்க, வாடகைக்கு எடுத்து உழுங்க. அதுல தோல்வி ஒண்ணும் இல்லை. ஆனா முடிவை அப்பா எடுக்கட்டும். உங்களுக்கு அது ஒரு சொத்து. அவருக்கு அது தினமும் காலையில எழுந்திருக்கிறதுக்கான காரணமா இருக்கலாம்.

2018 நவம்பர்ல கஜா அடிச்சுட்டுப் போன மறுநாள் எங்க தெருவுல தென்னையும் பலாவும் குறுக்கும் நெடுக்குமா கிடந்துச்சு. கரண்ட் இல்லை, வெளியே போக வழி இல்லை. அன்னிக்கு மரங்களைச் சங்கிலி போட்டு இழுத்துப் பாதை விட்டது இந்த வண்டிதான். இதை எந்த எக்செல் ஷீட்லயும் நான் போடல; போடவும் தெரியல. கணக்குல சேராத லாபமும் உண்டுன்னு மட்டும் சொல்றேன்.

பெயிண்ட் இன்னும் அடிக்கல. பானெட்ல சிவப்பு வெளுத்துதான் இருக்கு, தாத்தா எழுத வச்ச "அய்யனார் துணை" பாதி அழிஞ்சிருச்சு. வர்ற பங்குனியில அடிக்கலாமான்னு போன வாரம் கேட்டேன். "அந்த எழுத்தை மட்டும் புதுசா எழுது. மத்தது ஓடட்டும்"னார் அப்பா.

இந்த வாரம் உங்களுக்கு ஒரே ஒரு வேலை. வீட்டுக்குப் போன் பண்ணுங்க. "வண்டி எப்படி இருக்கு?"ன்னு கேட்காதீங்க, "நல்லாத்தான் இருக்கு"ன்னு முடிஞ்சிடும். "வண்டியை எப்படிப்பா ஸ்டார்ட் பண்றீங்க?"ன்னு கேளுங்க.

அடுத்த வாரம் சந்திப்போம்.